சிவப்புப் பெரிய பந்து ஏன் உறுத்துகிறது?

'பெரிய சிவப்புப் பந்து' என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அடுத்து, 'சிவப்புப் பெரிய பந்து'. இரண்டாவதில் இலக்கணப் பிழை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. ஆனாலும் காதில் இடறுகிறது. ஆங்கிலத்திலும் 'பிக் ரெட் பால்' சரளமாக வரும், 'ரெட் பிக் பால்' உறுத்தும்.

இதற்கு ஆங்கில இலக்கண நூல்கள் ஒரு வாய்ப்பாடு தருகின்றன: முதலில் சொல்பவரின் அபிப்பிராயம், பிறகு அளவு, வயது, வடிவம், நிறம், எங்கிருந்து வந்தது, எதனால் ஆனது, எதற்கானது, கடைசியில் பெயர்ச்சொல். 'எ லவ்லி ஸ்மால் ஓல்ட் ரவுண்ட் பிரவுன் இட்டாலியன் உட்டன் காபி டேபிள்' என்றால் எட்டும் வந்துவிட்டன. மூச்சு வாங்குகிறதா? நிஜத்தில் இப்படி யாரும் பேசுவதில்லை. இப்படிப் பெயரை வருணிக்கும் சொற்களை, அதாவது பெயரடைகளை, மூன்றுக்கு மேல் அடுக்குவதே அபூர்வம். வயது முந்தியா வடிவம் முந்தியா என்பதில் நூலுக்கு நூல் மாற்றமும் உண்டு.

எழுத்தாளர் டோல்கீன் ஏழு வயதுவாக்கில் ஒரு டிராகன் கதை எழுதினார். 'கிரீன் கிரேட் டிராகன்' என்று சொல்லக்கூடாது, 'கிரேட் கிரீன் டிராகன்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று அம்மா திருத்தினார். ஏன் என்று அன்றும் விளங்கவில்லை, இன்றும் விளங்கவில்லை என்று 1955-ல் கவிஞர் ஆடனுக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். அப்போது அவர் ஆக்ஸ்ஃபோர்டில் ஆங்கிலப் பேராசிரியர்!

2017-ல் கிரெகரி ஸ்கான்ட்ராஸ், ஜூடித் டேகன், நோவா குட்மன் ஆகிய மூவர் வெளியிட்ட ஆய்வு, இந்த நீண்ட வாய்ப்பாட்டுக்கு அடியில் ஒரே கேள்வி இருப்பதாகக் காட்டியது: இந்தச் சொல்லை வைத்து இரண்டு பேர் வாதாட முடியுமா? 'அழகான மேசை' என்று நான் சொல்ல, நீங்கள் மறுத்தால், இருவரில் எவர் சொல்வதும் தப்பு என்று சொல்ல முடியாது. 'மர மேசை' என்பதை மறுத்தால் யாரோ ஒருவர் சொல்வது நிச்சயம் தவறு. வாதத்துக்கு இடம் தரும் சொல் பெயரிலிருந்து தள்ளி நிற்கிறது, இடம் தராதது ஒட்டி நிற்கிறது.

ஏன் இப்படி? ஒரு பெட்டி நிறையப் பந்துகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பொருளைக் கூட்டும்போது பெயரை ஒட்டிய சொல்தான் முதலில் அதனோடு சேர்கிறது. முதலில் 'சிவப்பு' சேர்ந்தால் சிவப்புப் பந்துகள் தனியே ஒதுங்கும். அதில் உங்களுக்கும் எனக்கும் தகராறு வராது. மிஞ்சிய நாலைந்தில் பெரியது எது என்று பார்ப்பது சுலபம். 'பெரிய' முதலில் சேர்ந்தாலோ, மொத்தப் பெட்டியிலும் பெரியவற்றைப் பொறுக்க வேண்டும். எதற்கு மேல் பெரியது என்பதில் உங்கள் கணக்கு வேறு, என் கணக்கு வேறு. நான் சொன்ன பந்து உங்கள் சல்லடையில் முதலிலேயே நழுவிவிடலாம்.

பெயருக்குப் பின்னால் பெயரடை வரும் மொழிகளில் இந்த வரிசை பெரும்பாலும் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிவிடுகிறது. யார் யார் ஒட்டி நிற்பது என்பது மட்டும் மாறுவதில்லை. தமிழில் இந்த ஒட்டுதல் எழுத்திலேயே தெரிகிறது. 'சின்னப் பழைய மரப்பெட்டி'யில் மரம், 'ப்' போட்டுப் பெட்டியோடு ஒரே சொல்லாகிவிட்டது. நடுவே 'பழைய'வை நுழைத்துப் பாருங்கள், நுழையாது.

வரிசையை வேண்டுமென்றே உடைப்பதும் உண்டு. எதிரே பெரிய பந்துகள் மட்டுமே பல நிறங்களில் கிடந்து, நீலம் வேண்டாம் சிவப்புதான் வேண்டும் என்றால், 'ரெட்'டை அழுத்தி முன்னால் போட்டு 'ரெட் பிக் பால்' என்று சொல்லலாம். யாருக்கும் உறுத்தாது. 'லாங், போரிங் ஸ்பீச்' போல நடுவில் கமா விழுந்தால் இரண்டு சொல்லும் சமமாகிவிடும். முன்பின் மாற்றினாலும் பாதகமில்லை. 'பிக் பேட் உல்ஃப்' என்ற கதை ஓநாய்தான் தொல்லை. அபிப்பிராயமான 'பேட்' முன்னால் வந்திருக்க வேண்டுமே! அங்கே ஓசை ஜெயித்துவிட்டது என்பது ஒரு விளக்கம்: 'டிக்-டாக்', 'பிங்-பாங்' போல, இகரம் முந்தி வந்தால்தான் ஆங்கிலக் காதுக்கு இனிக்கிறது.