சவரம் செய்யலாம், வாக்ஸ் கூடாது

அக்கா மகள் தோல் மருத்துவரைப் பார்த்துவிட்டு ஒரு தாளோடு வந்தாள். அடுத்த மாதம் அவளுக்கு அக்குளிலும் கைகளிலும் லேசர் முடி நீக்கம் ஆரம்பிக்கிறது. தாள் முழுக்கக் கட்டளைகள். வெயிலில் அலையக் கூடாது, வாக்ஸ் போடக் கூடாது, த்ரெடிங் கூடாது, முந்தைய நாள் ஷேவ் செய்துவிட்டு வர வேண்டும், அன்றைக்கு டியோடரன்ட் கூடாது, முடிந்தபின் வெந்நீர் கூடாது.

“முடியை எடுக்கத்தானே சித்தி போறேன்? வாக்ஸ் பண்ணா தப்பு, ஷேவ் பண்ணா மட்டும் சரியா? இதுல என்ன லாஜிக்?” என்றாள்.

லாஜிக் இருக்கிறது. அது பிடிபட்டுவிட்டால் அந்தத் தாளில் பாதியை நாமே எழுதிவிடலாம்.

லேசருக்கு முடி எது, தோல் எது என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கறுப்பு. மே மாதத்து மதியத்தில் வெயிலில் நிறுத்திய பைக்கின் கறுப்பு சீட்டில் உட்கார்ந்து துள்ளி எழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கறுப்பு ஒளியை வாங்கிச் சூடாக்கிக்கொள்கிறது. வெள்ளை திருப்பி அனுப்பிவிடுகிறது. முடியிலும் தோலிலும் இருக்கும் கறுப்பு, மெலனின் என்ற நிறமி. லேசர் குறிவைப்பது அதைத்தான்.

1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை ஒளிரவைத்தார். மாணிக்கக் கல்லில் பிறந்த சிவப்பு ஒளி அது, அலைநீளம் 694 நானோமீட்டர். சில ஆண்டுகளிலேயே சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலின்மேல் பாய்ச்சிப் பார்க்கத் தொடங்கிவிட்டார். ஆனால் சுற்றியிருக்கும் தோலைச் சுடாமல் வேண்டியதை மட்டும் சுடுவது எப்படி என்ற கணக்கு 1983-இல்தான் தெளிவானது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பேரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் அதைச் சொன்னார்கள். குறி எந்த நிறத்து ஒளியை அதிகம் வாங்குமோ அந்த ஒளியைக் கொடு; அது வாங்கிய சூட்டைப் பக்கத்தில் பரப்பி ஆறிவிடுவதற்குள் கொடுத்து முடி.

இரண்டாவது பாதிதான் சூட்சுமம். தட்டில் விழுந்த ஒரு பருக்கைச் சோறு உடனே ஆறிவிடும். பானைச் சோறு ஆற நேரம் எடுக்கும். மேல்தோல் மெல்லியது, அதில் ஏறும் சூடு சில மில்லிசெகண்டுகளில் ஆறிவிடும். மயிர்க்கால் அதைவிடப் பருமன், ஆறப் பல பத்து மில்லிசெகண்டுகள் ஆகும். ஆகவே ஒளியை இரண்டுக்கும் நடுவே, 30 மில்லிசெகண்ட் போல நிதானமாகக் கொடுத்தால், தோல் வாங்க வாங்க ஆறிக்கொண்டே இருக்கும். மயிர்க்காலில் சூடு சேர்ந்துகொண்டே போகும்.

இனி அவள் கேட்ட கேள்வி. முடியைத் திரும்பத் திரும்ப முளைக்கவைக்கும் மூல செல்களில் ஒரு முக்கியக் கூட்டம் மயிர்க்காலின் நடுப்பகுதியில் ஒரு சின்னப் புடைப்பில் குடியிருக்கிறது. அவற்றில் கறுப்பு பெரிதாக இல்லை. லேசர் அவற்றை நேராகத் தொட முடியாது. பக்கத்தில் இருக்கும் முடித்தண்டு சூடாகி, அந்தச் சூடு பரவித்தான் அவை வேக வேண்டும். வாளித் தண்ணீரில் ஹீட்டர் ராடு போடுவோமே, அதே ஏற்பாடு. ராடு சூடானால் சுற்றியிருக்கும் தண்ணீர் சூடாகும். வாக்ஸும் த்ரெடிங்கும் ட்வீசரும் ராடையே உருவிவிடுகின்றன. வெறும் வாளிக்கு எத்தனை தடவை ஸ்விட்ச் போட்டு என்ன பயன்? காசுதான் போகும். அதனால்தான் குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் முன்பிருந்தே வேரோடு பிடுங்கும் எதுவும் கூடாது என்கிறார்கள். ப்ளீச்சும் அப்படித்தான்: ராடு உள்ளே இருக்கும், ஆனால் வெளுத்த ராடு சூடாகாது.

அப்படியானால் ஷேவ் எதற்கு? தோலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியும் கறுப்புதானே. அதுவும் ஒளியை வாங்கும், கருகும், தோலின்மேலேயே படுத்துக்கொண்டு சுடும். உள்ளே போக வேண்டிய ஒளியும் வீணாகும். வெளியே இருப்பதை மட்டும் வெட்டி, உள்ளே இருப்பதை விட்டுவைக்கிறது ரேசர். ஷேவ் செய்தால் முடி அடர்த்தியாக முளைக்கும் என்று நம் வீடுகளில் சொல்லுவார்கள். அடர்த்தி ஒன்றும் அதிகமாகாது. வெட்டிய முனை மொட்டையாக இருப்பதால் சொரசொரப்பாகத் தெரிகிறது, அவ்வளவுதான். முந்தைய நாளே செய்துவிட்டால் சின்னக் கீறல்கள் ஆறவும் நேரம் கிடைக்கும்.

சரி, வெயில் ஏன் கூடாது? இங்கேதான் நம் தோலின் கதை வருகிறது. தோல் மருத்துவர்கள் நிறத்தைப் பிரிக்கும் அளவுகோலை 1975-இல் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கினார். முதலில் அதில் வெள்ளைத் தோலுக்கு மட்டும் நான்கு வகைகள் இருந்தன. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் ஐந்தாவது, ஆறாவது வகைகளைப் பிறகுதான் சேர்த்தார்கள். (நம்மை எப்போதும் பின்னிணைப்பில் சேர்ப்பது வழக்கம்தானே.) நம்மில் பெரும்பாலோர் நான்கிலும் ஐந்திலும் வருவோம். அதாவது முடியில் இருக்கும் அதே மெலனின் மேல்தோலிலும் தாராளமாக இருக்கிறது. ஒளி மயிர்க்காலுக்குப் போகும் வழியில் மேல்தோலும் தன் பங்கைக் கேட்கும். வெயிலில் அலைந்து கறுத்த தோலோ இன்னும் கூடுதலாகக் கேட்கும். ஸ்கூட்டி ஓட்டும் பெண்களின் முன்கையையும், சட்டைக் கைக்கு உள்ளே மறைந்திருக்கும் தோலையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே ஆளுக்கு இரண்டு நிறம். இரண்டுக்கும் ஒரே அளவில் மெஷினை வைத்தால் ஒன்று வெந்துவிடும். ஆகவே சில வாரங்களுக்கு முன்பிருந்தே முழுக்கைச் சட்டை, எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்.

மெஷினைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும்: அலைநீளம் என்ன? அலெக்சாண்ட்ரைட் லேசர் 755 நானோமீட்டர், டயோடு பெரும்பாலும் 800, 810. என்டி-யாக் 1064. எண் கூடக்கூட மெலனின் வாங்கும் பங்கு குறைகிறது, ஒளி ஆழமாகவும் இறங்குகிறது. 1064-இல் முடியும் சற்றுக் குறைவாகத்தான் சூடாகும், ஆனால் மேல்தோல் பிழைத்துக்கொள்ளும். நல்ல கறுப்புத் தோலுக்கு அதுதான் பாதுகாப்பு. டயோடையும் ஒளித் துடிப்பின் நேரத்தை நீட்டி, நன்றாகக் குளிரவைத்துக் கவனமாக இயக்கினால் மாநிறத்துக்குச் சரிவரும். பார்லர்களில் ‘லேசர்’ என்று சொல்லி ஐபிஎல் (இன்டென்ஸ் பல்ஸ்டு லைட்) அடிப்பதும் உண்டு. அது லேசரே இல்லை. பல அலைநீளங்கள் கலந்த பளிச் வெளிச்சம். அடர்ந்த நிறத்தவர்களுக்கு அதில் சுடும் அபாயம் அதிகம். எந்த மெஷின் ஆனாலும் முதலில் ஓரமாகச் சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து, தோல் என்ன சொல்கிறது என்று காத்திருக்கும் இடத்துக்கே போங்கள்.

போவதற்கு முன் மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை சில. முகத்துக்கு ரெட்டினாய்டு என்ற வைட்டமின் ஏ வகை க்ரீம் பூசுகிறீர்களா, டாக்சிசைக்ளின் போல வெயிலைத் தாங்கவிடாத மாத்திரை எடுக்கிறீர்களா, உதட்டோரம் அடிக்கடி அக்கி மாதிரிக் கொப்புளம் வருமா? முக்கியமாக, மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் வாங்கிய சிவப்பழகு க்ரீம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும், தோலை மெலியவைத்திருக்கும். பச்சை குத்திய இடமும் மச்சமும் லேசருக்குக் கறுப்புதான், அவற்றை மூடிவிட வேண்டும். புருவத்துக்குக் கீழே, கண்ணைச் சுற்றி லேசர் வேண்டவே வேண்டாம். கருவிழியிலும் மெலனின் இருக்கிறது. கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மரத்துப்போகும் க்ரீம் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 2007-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. 22, 25 வயதுப் பெண்கள் இருவர், லேசர் வலி தெரியாமலிருக்கக் கால்களில் அந்த க்ரீமைப் பூசி மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டார்கள். மருந்து தோல் வழியே ரத்தத்தில் ஏறி, வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்துபோனார்கள். எவ்வளவு பூசலாம், எவ்வளவு நேரம் விடலாம் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வீட்டில் நாமாகப் பூசி மூடிக்கட்டும் வேலை ஆகாது.

வலி என்னவோ அத்தனை பெரிதில்லை. ரப்பர் பேண்டை இழுத்துச் சுண்டினாற்போல ஒரு சுரீர், கூடவே முடி பொசுங்கும் வாடை. முடியில் கந்தகம் இருப்பதால் வரும் வாடை அது. மெஷினின் முனை ஜில்லென்று இருக்கும். சில மெஷின்கள் குளிர்ந்த காற்றையோ குளிர்வாயுவையோ பீய்ச்சும். மேல்தோலைக் காப்பாற்றும் ஏற்பாடு அது. ஆழத்தில் சூடு, மேலே குளிர்ச்சி. சில நிமிஷங்களில் ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் புல்லரித்தது போலச் சின்னச் சின்னப் புடைப்பும் சிவப்பும் எழும். பயப்பட வேண்டாம். அடி சரியான இடத்தில் விழுந்ததற்கு அடையாளம் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

அந்த ஓரிரு நாள் தோல் உள்ளுக்குள் சூடாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும். வெந்நீர்க் குளியல், ஜிம், நீச்சல் குளம், இறுக்கமான ஆடை எல்லாம் தள்ளிப்போடலாம். குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஒற்றுங்கள், ஐஸ் கட்டியை நேராக வைக்காதீர்கள். மணமில்லாத மாய்ஸ்சரைசர் போதும். தொட்டிச் செடியிலிருந்து கற்றாழையை ஒடித்துத் தேய்ப்பவர்கள், ஒடித்ததும் வடியும் மஞ்சள் பால் எரிச்சல் தரும் என்பதை நினைவில் வையுங்கள். பீர்க்கங்காய் நாரும் பயத்தமாவும் ஒரு வாரம் ஓய்வெடுக்கட்டும். சன்ஸ்கிரீனுக்கு மட்டும் ஓய்வு கிடையாது, ஏனென்றால் நம் தோல் எந்தக் காயத்துக்கும் கறுப்பைக் கொட்டித்தான் பதில் சொல்லும். அந்தத் தழும்புக் கறுப்பு மறைய மாதக்கணக்கில் ஆகும். கொப்புளம் எழுந்தால் அதே நாளில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் தடவை முடிந்து பத்து நாள் கழித்து அக்கா மகள் வந்து நின்றாள்: “சித்தி, திரும்ப முளைக்குது! காசு தண்டம்!” கையில் மிளகுத்தூள் தூவினாற்போலக் கறுப்புப் புள்ளிகள். அவை முளைக்கவில்லை, உதிர்கின்றன. கருகிய தண்டைத் தோல் மெல்ல வெளியே தள்ளுகிறது. ஒன்று முதல் மூன்று வாரத்தில் குளிக்கும்போது தானாகக் கையோடு வரும். பிடுங்க வேண்டாம் என்றேன். அதற்குள் ட்வீசரால் நாலைந்தைப் பிடுங்கியிருந்தாள்.

ஒரு தடவையில் ஏன் முடிவதில்லை என்றால், முடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும் முடிதான் வேரோடு நன்றாக ஒட்டி, முழுக் கறுப்போடு இருக்கும். தலையில் பத்தில் எட்டுக்கு மேல் அந்தப் பருவத்தில் இருக்கும். கால்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுதான். மற்றவை தூக்கத்தில் இருக்கும். அவை எழும்வரை காத்திருந்து, நான்கு முதல் எட்டு வார இடைவெளியில், ஆறு எட்டு தடவை போக வேண்டியிருக்கிறது. அப்போதும் கிடைப்பது நிரந்தரக் குறைப்புதான், நிரந்தர ஒழிப்பு அல்ல. விளம்பரப் பலகைகள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன.

முகம், கழுத்து ஓரங்களில் சிலருக்கு வேறொரு வேடிக்கையும் நடக்கும்: லேசருக்குப் பிறகு முடி கூடிவிடும். கொல்லப் போதாத இளஞ்சூடு, தூங்கும் மயிர்க்கால்களை எழுப்பிவிடுவதாகக் கருதுகிறார்கள். நம் நிறத்தவர்களிடமும், பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு இருப்பவர்களிடமும் இது அதிகம். தாடையில் முரட்டு முடி, கூடவே தள்ளிப்போகும் மாதவிடாய் என்றால் முதலில் ஹார்மோனைப் பார்க்க வேண்டும். குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, கன்னத்தடியைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “எனக்கும் இங்க ரெண்டு முடி இருக்குடி. அடுத்த தடவை போறப்ப இதையும் சேத்து எடுத்துடச் சொல்லலாமா?”

வெளிச்சத்தில் பார்த்தேன். இரண்டும் வெள்ளை. எந்த லேசரின் கண்ணுக்கும் படாது. எலக்ட்ராலிசிஸ் என்று ஒன்று இருக்கிறது, மெல்லிய ஊசியை மயிர்க்காலுக்குள் விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள், அதற்கு நிறம் ஒரு பொருட்டில்லை, ஆனால் ஒவ்வொரு முடியாகத்தான் எடுக்க வேண்டும் என்றேன்.

“ரெண்டு முடிக்கா?” என்றாள். மகள் கையிலிருந்த ட்வீசரைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னலோரக் கண்ணாடிக்குப் போனாள்.