உள்ளே வந்த காற்று எந்த வழியாக வெளியே போகும்?

வடசென்னையில் தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பத்தடி, பன்னிரண்டடி அகலத்தில் நீளவாக்கில் கட்டிய வீடுகள் அதிகம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல், கடைசியில் சமையலறையும் குளியலறையும். வீடு புழுங்கினால் அந்த ஒரு ஜன்னலைப் பெரிதாக்கத்தான் எல்லோருக்கும் தோன்றுகிறது. பெரும்பாலும் அது வீண் செலவு. பின்பக்கம் அடைபட்டிருந்தால் முன்பக்கம் எவ்வளவு திறந்தாலும் காற்று வாசலோடு நின்றுவிடும்.

சோதித்துப் பாருங்கள். கடல்காற்று வீசும் மதிய நேரத்தில் ஃபேன்களை நிறுத்திவிட்டு, ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னலுக்கு இரண்டடி உள்ளே பிடியுங்கள். புகை சாய்ந்து சமையலறைப் பக்கம் நகர்ந்தால் வழி இருக்கிறது. அங்கேயே சுழன்று நேராக மேலே ஏறித் தேங்கினால் வழி இல்லை.

அடைப்பு எங்கே என்று தேடினால் முதலில் சிக்குவது லாஃப்ட், அதாவது பரண். அதற்கு மேலே உள்ள வென்டிலேட்டரைப் பித்தளைப் பாத்திரங்களும் அட்டைப் பெட்டிகளும் மறைத்திருக்கும். அடுத்தது ஷாஃப்ட், அதாவது காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் மேலே திறப்பாக விடும் செங்குத்துச் சந்து. மழைக்கும் பூனைக்கும் பயந்து அதன் வாயைத் தகரத்தால் மூடிவிடுகிறார்கள். தகரத்தை எடுக்க வேண்டாம். நான்கு மூலையிலும் ஆங்கிள் நிறுத்தி ஓரடி தூக்கிவிட்டு, சுற்றிலும் வலை அடித்தால் போதும். கடலோரம் இரும்பு வலை சீக்கிரமே உப்புக்காற்றில் துருப்பிடித்து உதிரும். ஃபைபர் வலையோ எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வலையோ வாங்குங்கள்.

திறப்பின் அளவிலும் ஏமாறுகிறோம். 4 அடிக்கு 3 அடி ஜன்னல் என்றால் 12 சதுர அடி. அதுவே ஸ்லைடிங் என்றால் திறப்பது 6 சதுர அடிதான். கொசுவலை அதிலும் நல்ல பங்கைத் தடுக்கும். தூசி அப்பிய வலை இன்னும் மோசம், மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். நம் ஊர்போலப் புழுக்கமான இடங்களுக்குத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்கு திறப்பு வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. வெளியேறும் வழியும் உள்ளே வரும் வழிக்குக் குறையாமல் இருக்கட்டும்; இரண்டில் எது சிறியதோ அதுதான் காற்றின் அளவைத் தீர்மானிக்கும்.

மாடி வீடு என்றால் கைவசம் ஒரு புகைபோக்கியே இருக்கிறது, அதுதான் மாடிப்படி. சூடான காற்று தானாக மேலே ஏறும். படி முடியும் ஹெட்ரூமில், கூரையை ஒட்டி, சாய்ந்த பட்டைகள் வைத்த திறப்பு விட்டால் காற்றில்லாத இரவிலும் கீழிருந்து இழுக்கும், மின்சாரச் செலவே இல்லை. வடகிழக்குப் பருவமழைச் சாரல் உள்ளே அடிக்காமல் இருக்கத் திறப்பு மேற்கையோ தெற்கையோ பார்க்கட்டும். இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்துகிறவர்கள் கதவுக்கு மேலே ஓரடி உயரம் கிரில் விட்டுக்கொள்ளுங்கள்.

8 அடிக்கு 6 அடி சமையலறை, பத்தடி உயரம்: 480 கன அடி. மணிக்குப் பதினைந்து முறை காற்று மாற வேண்டுமானால் எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்கு 120 கன அடி தள்ள வேண்டும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவு, எதிர்ப்பு இல்லாத இடத்தில் எடுத்தது. அதனால் 120-ஐவிடக் கூடுதலாகத் தள்ளும் ஃபேனாகவே வாங்குங்கள். ஃபேனை ஒட்டியே ஜன்னல் திறந்திருந்தால் அந்த ஜன்னல் காற்றையே அது வெளியே தள்ளும், அடுப்புப் புகை அப்படியே நிற்கும். காற்று எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து வர வேண்டும். ஃபேனுக்குப் பின்னாலுள்ள மூடுதகடுகளில் எண்ணெய்ப்பிசின் ஏறி, அவை திறக்காமல் போவதும் சகஜம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். காற்று வராத குளியலறைக்குள் கேஸ் கீசர் வைக்காதீர்கள். அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். மணமில்லை, நிறமில்லை, மயங்கி விழும்வரை தெரியாது. குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருக்கிறதே என்று துணியவும் கூடாது. கதவைச் சாத்தி அதை ஓடவிட்டால் கீசரின் புகையை அதுவே அறைக்குள் இழுக்கலாம். கீசர் வெளிச்சுவரில் இருக்கட்டும், வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும்.

மே, ஜூன் மாதங்களில் காலை முழுக்க மேற்கே இருந்து அனல்காற்று வரும். அப்போது மேற்கு ஜன்னல்களைச் சாத்தித் திரை போடுங்கள். கடல்காற்று காசிமேடு, திருவொற்றியூருக்கு முதலில் வந்து, வியாசர்பாடி, பெரம்பூருக்குப் பிறகுதான் எட்டும். அது வந்ததும் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். மொட்டைமாடித் தளம் பகலில் வாங்கிய சூட்டை நள்ளிரவு வரை வீட்டுக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். அதனால் ஹெட்ரூம் திறப்பை இரவில் மூடாதீர்கள். லாரி ஓடும் மணலிச் சாலை, எண்ணூர் சாலை வீடுகளில் தெருப்பக்கக் கீழ் ஜன்னலைவிட மாடி ஜன்னல் வழியாகக் காற்றை எடுப்பது நல்லது, தூசி குறையும்.