லோகோவைப் படிக்கிற பையன்

"நாலு வயசுலயே இங்கிலீஷ் படிக்கிறானுங்க மேடம், பேச்சுதான் வரல" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா உள்ளே வந்தார். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பில் வேலை செய்கிற குடும்பம். வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் மலையாளம். டிவியின் மூலையில் கார்ட்டூன் சேனலின் லோகோ தெரிந்தால் போதும், பையன் பெயரைச் சொல்லிவிடுவானாம்.

சரி பார்ப்போம் என்று அதே பெயரை வெள்ளைத் தாளில் பேனாவால் எழுதிக் காட்டினேன். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கேயும் ஒன்றும் இல்லை. என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான்.

ஸ்பீச் தெரபிஸ்டாக இதை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தை படிப்பது எழுத்தை அல்ல. நிறத்தை, வடிவத்தை, கூட வரும் ட்யூனை. 1984-இல் மேஸன்ஹைமர், டிரம், ஏரி என்ற மூன்று ஆய்வாளர்கள் 3 முதல் 5 வயதுள்ள, லோகோக்களை நன்றாக அடையாளம் சொல்கிற குழந்தைகளிடம் ஒரு வேலை செய்து பார்த்தார்கள். பெப்சி லோகோவில் முதல் எழுத்தை எடுத்துவிட்டு 'எக்ஸ்' வைத்தார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த மாற்றம் கண்ணிலேயே படவில்லை.

சேனல்களை வடிவமைக்கிறவர்களுக்கு இந்தச் சூட்சுமம் நன்றாகவே தெரியும். அதே 1984-இல் நிக்கலோடியன் என்ற அமெரிக்கக் குழந்தைகள் சேனல் தன் ஆரஞ்சுச் சிதறல் லோகோவைக் கொண்டுவந்தது. அந்த ஆரஞ்சு எந்த உருவம் வேண்டுமானாலும் எடுக்கும். நிறமும் உள்ளே இருக்கும் வெள்ளை எழுத்தும் மட்டும் அப்படியே இருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அது போதும். 2009-இல் அதை நீக்கி வெறும் எழுத்தாக்கினார்கள், 2023-இல் சிதறலே திரும்ப வந்தது. கார்ட்டூன் நெட்வொர்க் 1992-இல் கறுப்பு வெள்ளைக் கட்டங்களோடு தொடங்கியது, 2004-இல் இரண்டே எழுத்தாகச் சுருங்கியது, 2010-இல் மறுபடி உருமாறியது. நமக்கு இதெல்லாம் வீட்டுக்கு வெள்ளையடிப்பது மாதிரி. சில குழந்தைகளுக்கு வீடே மாறிப்போன மாதிரி.

இந்தப் பையனின் சேனலும் ஒருநாள் தோற்றத்தை மாற்றியது. ரெண்டு நாள் அழுதான், ரிமோட்டை வீசினான். "அடம் புடிக்கிறானுங்க" என்றார் அம்மா. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்படிச் சின்ன மாற்றத்துக்குக்கூட ஒரு குழந்தை நிலைகுலைந்து போனால், கூடவே பேச்சும் தாமதமாக இருந்தால், அதை டாக்டரிடமோ தெரபிஸ்டிடமோ கட்டாயம் சொல்லுங்கள். இதை மட்டும் வைத்து ஆட்டிசம் என்று யாரும் முடிவு கட்ட முடியாது. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய தகவல்.

இன்னொன்றும் செய்துகொண்டிருந்தான். நிகழ்ச்சிகளுக்கு நடுவே வரும் "பிரேக்குக்கு அப்புறம் பார்க்கலாம்" என்ற வரியை, அதே ராகத்தோடு, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் சொல்வான். வீட்டில் சிரிப்பார்கள். கவனித்தபோது, வயிறு நிறைந்த பிறகுதான் சொல்கிறான் என்பது தெரிந்தது. கேட்டதை அப்படியே ஒப்பிக்கிற இத்தகைய பேச்சுக்குக் குழந்தை தனக்கென ஒரு பொருள் வைத்திருக்கலாம் என்பதைப் பேரி பிரிசான்ட் போன்ற பேச்சு மொழி ஆய்வாளர்கள் 1980-களிலேயே காட்டியிருக்கிறார்கள். அதனால் "டிவி மாதிரி பேசாதே" என்று அதட்ட வேண்டாம். அவன் சொன்னதும் தட்டை நகர்த்தி, "போதும்" என்று நீங்கள் சொல்லுங்கள். தேவையான சொல்லைத் தேவையான நேரத்தில் கொடுப்பதுதான் அதற்கு மருந்து.

எங்கள் பகுதியில் தமிழ்க் குழந்தைகள் சேனலான சுட்டி டிவியும் ஓடும், மலையாளத்தில் வரும் கொச்சு டிவியும் ஓடும். ரெண்டும் சன் குழுமத்தின் பிள்ளைகள். "ரெண்டு பாஷை கேட்டுக் குழம்பிட்டான், தமிழை நிறுத்திடட்டுமா?" என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சு தாமதமாவதில்லை. பதில் பேசாத ஒரு பெட்டியோடு மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல். இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 5 வயது வரை ஒரு நாளைக்கு அதிகபட்சம் ஒரு மணி நேரம் என்கிறது இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் 2021 வழிகாட்டுதல்.

ஐந்து மாதம் ஆகிறது. 'போதும்' வந்துவிட்டது. பிரேக் வசனமும் போகவில்லை. தட்டைத் தள்ளிவிட்டு ரெண்டையும் சேர்த்தே சொல்கிறான், ராகத்தோடு.