20 சதவீத வளர்ச்சிக்குப் பிறகும் நிரம்பாத பள்ளம்: சரிந்த பொருளாதாரம் எப்படி மீள்கிறது?

2021 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் இந்தியாவின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 20.1 சதவீதம் வளர்ந்ததாக அவ்வாண்டு ஆகஸ்ட் இறுதியில் வெளியான அரசுப் புள்ளிவிவரம் தெரிவித்தது. இந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நாடு முழுமையாக மீண்டுவிட்டது என்றே தோன்றும். ஆனால் விலையேற்றத்தை நீக்கிக் கணக்கிட்டால், 2019இன் இதே மூன்று மாதங்களில் 35.66 லட்சம் கோடி ரூபாயாக இருந்த உற்பத்தி, ஊரடங்கு நிலவிய 2020இல் 26.95 லட்சம் கோடியாகச் சரிந்து, 2021இல் 32.38 லட்சம் கோடிக்குத்தான் ஏறியிருந்தது. நூறு என்று இருந்தது எழுபத்தைந்தரைக்கு இறங்கி, அந்த எழுபத்தைந்தரையின் மேல் 20 சதவீதம் கூடினால் கிடைப்பது ஏறத்தாழ 91 மட்டுமே. அடித்தளம் தாழ்ந்திருக்கும்போது வளர்ச்சி விகிதம் பெரிதாகத் தெரியும் என்பதால், மீட்சியை அளக்க விகிதத்தைவிட நாம் எட்டியிருக்கும் மட்டத்தையே பார்க்க வேண்டும்.

சுதந்திர இந்தியாவில் 2020க்கு முன் நேர்ந்த சரிவுகளுக்குப் பெரும்பாலும் மழை பொய்த்ததே முக்கியக் காரணம். 1979-80இல் வறட்சியும் எண்ணெய் விலை உயர்வும் சேர்ந்து உற்பத்தியை 5 சதவீதத்துக்கும் மேல் குறைத்தன. அத்தகைய சரிவில் அடுத்த பருவமழை நன்றாகப் பெய்தாலே பாதி மீட்சி வந்துவிடும். 2020இல் நடந்தது இதற்கு நேர்மாறானது: வேளாண்மை வளர்ந்தது, ஆலைகளும் கடைகளும் போக்குவரத்தும் நின்றன. ஹூண்டாய் நிறுவனம் அந்த ஏப்ரலில் உள்நாட்டுச் சந்தையில் ஒரு காரைக்கூட விற்கவில்லை.

சென்னையை அடுத்த இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலைகள் நிற்கும்போது, அவற்றுக்கு உதிரிபாகம் செய்து தரும் நிறுவனங்களும், அந்த நிறுவனங்களிடமிருந்து ஜாப் ஒர்க் (கட்டணத்துக்குச் செய்து தரும் உதிரி வேலை) வாங்கிச் செய்யும் அம்பத்தூர், திருமுடிவாக்கம் போன்ற தொழிற்பேட்டைகளின் சிறு பட்டறைகளும் அடுத்தடுத்து நின்றுவிடுகின்றன. ஆலை மீண்டும் திறக்கும்போது இந்தச் சங்கிலி அதே வேகத்தில் உயிர்பெறுவதில்லை. ஆர்டர் வந்த அன்றே பட்டறைக்காரர் இரும்பு வாங்க வேண்டும், ஆட்களுக்குக் கூலி தர வேண்டும், மின்கட்டணம் கட்ட வேண்டும். அனுப்பிய சரக்குக்கான பணமோ இரண்டு மூன்று மாதம் கழித்தே கைக்கு வரும். இந்த இடைவெளியை நிரப்பும் நடைமுறை மூலதனம், ஊரடங்கு மாதங்களில் வாடகைக்கும் வட்டிக்கும் கரைந்துபோயிருக்கும். கையில் ஆர்டர் இருந்தும் எந்திரத்தை ஓட்ட முடியாத இந்த நிலையே, என் பார்வையில், மீட்சியின் மிகக் கடினமான கட்டம்.

ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைகள் இங்குதான் பயன்பட வேண்டும். வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கு வாங்கும் ரெப்போ வட்டியை, 2020 மார்ச்சில் இருந்த 5.15 சதவீதத்திலிருந்து இரண்டே மாதங்களில் 4 சதவீதமாக அது குறைத்தது. கடன் தவணைகளை ஆகஸ்ட் இறுதிவரை ஒத்திவைக்கவும் அனுமதித்தது. ஆனாலும் வட்டி குறைந்ததால் மட்டுமே வங்கி கடன் கொடுத்துவிடாது, ஏனெனில் நெருக்கடிக் காலத்தில் வங்கி அஞ்சுவது கொடுத்த பணம் திரும்பி வராமல் போய்விடுமோ என்பதற்குத்தான். மே மாதம் மத்திய அரசு அறிவித்த 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அந்த அச்சத்தையே குறிவைத்தது. நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம் வரை கூடுதலாக வழங்கலாம், திரும்பாவிட்டால் முழுப் பொறுப்பும் அரசுடையது என்ற ஏற்பாடு, வட்டிக் குறைப்பு எட்டாத இடத்தை எட்டியது. ஒரு பெருங்குறை மட்டும் இருந்தது: ஏற்கெனவே முறையான கடன் கணக்கு வைத்திருந்தவருக்கே அது கிடைத்தது. கந்துவட்டிக் கடனில் தொழில் நடத்தியவர்கள் வெளியே நின்றார்கள்.

கடன் உற்பத்தியைத் தொடங்கி வைக்கலாம், வாங்க ஆள் வேண்டுமே. தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு அரிசி அட்டைதாரர் குடும்பங்களுக்கு இரண்டு தவணைகளாக 4,000 ரூபாய் வழங்கப்பட்டது. வசதியான வீட்டுக்கு இந்தத் தொகை சேமிப்பாகப் போய்விடும். கூலி வேலை நின்ற வீட்டிலோ அது சில நாட்களுக்குள் மளிகைக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் போய், அந்தக் கடைக்காரர் வழியாக மொத்த வியாபாரிக்கும் சுமைதூக்குபவருக்கும் சென்று, ஒரே பணம் பலருடைய வருமானமாகிறது. பொருளியலாளர்கள் பெருக்கு விளைவு என்று குறிப்பிடும் இது, பணம் ஏழையின் கையில் தொடங்கும்போதுதான் வலுவாக இருக்கிறது. ஆகவே மந்தக் காலத்து நிவாரணத்தை வீண்செலவு என்று கருதுவது கணக்குத் தெரியாத பேச்சு என்றே சொல்வேன்.

வளரும் நாட்டின் மீட்சிக்கு இன்னொரு முகமும் உண்டு. வேலையிழந்தோருக்குப் பரவலான உதவித்தொகை இல்லாத நாட்டில் எவரும் நெடுநாள் சும்மா இருக்க முடியாது. நகரத்து வேலை போனவர் ஊருக்குத் திரும்பி வயல் வேலையைப் பகிர்ந்துகொள்கிறார். அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 2018-19இல் வேலை செய்தோரில் 42.5 சதவீதமாக இருந்த வேளாண்மையின் பங்கு, 2020-21இல் 46.5 சதவீதமாக உயர்ந்தது. பல பத்தாண்டுகளாகக் குறைந்துவந்த விகிதம் இது. நாட்டின் ஆண்டு உற்பத்தி 2021-22இலேயே பழைய மட்டத்தைத் தாண்டிவிட்டபோதிலும், 2023-24இலும் இந்தப் பங்கு 46 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. வேலையின்மை விகிதத்தை மட்டும் பார்த்தால் இந்தக் காயம் கண்ணில் படாது. மேலும், காலாண்டுக் கணக்குகளில் பதிவில்லாச் சிறு தொழில்களின் உற்பத்தி நேரடியாக அளக்கப்படாமல் பிற குறியீடுகளைக் கொண்டே மதிப்பிடப்படுவதால், பெரிய நிறுவனங்கள் எழுந்து சிறியவை விழுந்துகிடக்கும் காலத்தில் அந்த மதிப்பீடு உண்மையைவிடச் சற்று நம்பிக்கையூட்டுவதாகவே அமைய வாய்ப்புண்டு.

பட்டறைக்கு நியாயமாக வர வேண்டிய பணம் காலத்தில் வந்தாலே கடனின் தேவை பெருமளவு குறையும். சிறு நிறுவனங்களுக்கான தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் கூறியும் அது பரவலாக மீறப்பட்டது. அதனால், காலம் கடத்திய தொகையை உண்மையில் செலுத்தும்வரை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்ற விதி 2023 நிதிச் சட்டத்தின் வழியே வந்தது. தாமதத்தால் பெரிய நிறுவனத்துக்கு இழப்பு ஏற்படும்படி செய்யும் இவ்விதி 2020இலேயே இருந்திருந்தால், உத்தரவாதக் கடனின் வரம்புக்கு வெளியே நின்ற பட்டறைகளில் சிலவாவது தம் சொந்தப் பணத்தைக் கொண்டே எந்திரத்தை ஓட்டியிருக்கும்.