ஒரே ஜோடிக் கம்பியில் பன்னிரண்டு கன்ட்ரோலர்கள்

குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் பன்னிரண்டு அறைகள் என்று வைத்துக்கொள்வோம். புளி, மிளகாய் வற்றல், உருளைக்கிழங்கு என்று அறைக்கு ஒரு சரக்கு, சரக்குக்கு ஒரு வெப்பநிலை. ஒவ்வொரு கதவுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன பேனல், அதில் ஒரு டெம்பரேச்சர் கன்ட்ரோலர். அது தன் அறையை மட்டும் பார்த்துக்கொள்ளும். ஆனால் எத்தனை கம்ப்ரஸர் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) கட்டடத்தின் மறுகோடியில், கம்ப்ரஸர் அறையில் இருக்கிறது. அதற்குப் பன்னிரண்டு அறைகளின் நிலவரமும் தெரிந்தாக வேண்டும்.

அறைக்கு ஒரு கேபிள் என்று பன்னிரண்டு கேபிள் இழுக்கலாம். செலவும் வேலையும் அதிகம், பி.எல்.சி.யிலும் அத்தனை இன்புட் வேண்டும். அதனால் முறுக்கிய இரண்டு கம்பிகள் கொண்ட ஒரே கேபிளைப் பேனல் பேனலாகக் கொண்டுபோய், எல்லா கன்ட்ரோலர்களையும் அதிலேயே இணைத்துவிடுகிறார்கள். இந்த மின் இணைப்பு முறைக்கு ஆர்.எஸ்.-485 என்று பெயர். 1983-இல் அமெரிக்காவில் தரப்படுத்தப்பட்டது. ஈதர்நெட் எவ்வளவோ வளர்ந்த பிறகும் எனர்ஜி மீட்டர், மோட்டார் டிரைவ், கன்ட்ரோலர் எதை வாங்கினாலும் இந்த இரண்டு டெர்மினல்கள் பெரும்பாலும் இருக்கும்.

இரண்டு கம்பிதானே, யார் வேண்டுமானாலும் மாட்டிவிடலாம் என்று தோன்றும். மாட்டியதும் ஓடவும் செய்யும். சில மாதம் கழித்து ‘கம்யூனிகேஷன் விட்டு விட்டுக் கட் ஆகுது’ என்ற புகார் வரும். உடனே புரோகிராமைத் திறந்து பார்ப்பார்கள். என் அனுபவத்தில் கோளாறு பெரும்பாலும் கம்பியில்தான் இருக்கிறது. வயரிங் விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் கோளாறு எங்கே என்று தேடுவது எளிது.

முதலில், ஏன் இரண்டு கம்பி? பழைய கம்ப்யூட்டர்களின் பின்பக்கம் இருந்த ஆர்.எஸ்.-232 இணைப்பில் ஒரு கம்பியின் வோல்டேஜை கிரவுண்டோடு ஒப்பிட்டுத்தான் 0, 1 என்று முடிவு செய்வார்கள். வழியில் மோட்டார் கேபிளிலிருந்து மின் இரைச்சல் ஏறினால் அந்த வோல்டேஜ் கெட்டுவிடும், கூடவே செய்தியும் கெடும். ஆர்.எஸ்.-485-இல் செய்தி இரண்டு கம்பிகளுக்கும் இடையிலான வித்தியாசத்தில் இருக்கிறது. ஒன்று மேலே போனால் மற்றது கீழே வரும். இரண்டையும் சேர்த்து முறுக்கியிருப்பதால் வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகவே ஏறும். இரண்டும் சேர்ந்து 3 வோல்ட் உயர்ந்தாலும் வித்தியாசம் மாறாது. அனுப்பும் கருவி குறைந்தது 1.5 வோல்ட் வித்தியாசம் தர வேண்டும், வாங்கும் கருவி 0.2 வோல்ட்டையே அடையாளம் காண வேண்டும் என்பது தரவிதி. நீண்ட கேபிளில் சிக்னல் பலவீனமாகிப் போய்ச் சேர்ந்தாலும் தாக்குப்பிடிப்பது இந்த இடைவெளியால்தான்.

ஆனால் இதற்கும் எல்லை உண்டு. வாங்கும் கருவியின் கிரவுண்டை வைத்துப் பார்த்தால் கம்பிகளின் வோல்டேஜ் மைனஸ் 7-க்கும் பிளஸ் 12-க்கும் உள்ளே இருந்தாக வேண்டும். கம்ப்ரஸர் அறையின் எர்த்தும் கடைசி அறையின் எர்த்தும் ஒரே அளவில் இருக்கும் என்று நம்ப முடியாது. பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் வித்தியாசம் எகிறலாம். அதனால் ‘இரண்டு கம்பி இணைப்பு’ என்று பெயர் இருந்தாலும், கருவிகளின் காமன் (கிரவுண்ட்) டெர்மினல்களை இணைக்க மூன்றாவதாக ஒரு கம்பியும் போக வேண்டும். இதை விட்டுவிடுபவர்கள் ஏராளம். அது இல்லாமலும் பல நாள் ஓடும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை. பிறகு ஒருநாள் காரணமே தெரியாமல் போர்ட் எரிந்துபோகும். கம்பிகளைச் சுற்றியிருக்கும் உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தால் போதும்.

அடுத்தது கேபிள் போகும் பாதை. எலக்ட்ரீஷியன்கள் ‘லூப் எடுப்பது’ என்கிறார்களே, அதுதான் சரியான வழி. முதல் கன்ட்ரோலருக்கு வந்த கேபிள் அங்கிருந்து இரண்டாவதற்கு, அங்கிருந்து மூன்றாவதற்கு. நடுவில் ஒரு ஜங்ஷன் பாக்ஸ் வைத்து நாலாபக்கமும் கிளை பிரிக்கக் கூடாது. ஏன்?

கம்பியில் சிக்னல் ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 5 நானோ நொடி ஆகும். அது கேபிளின் முனையை அடைந்ததும் அங்கே மறைந்துவிடுவதில்லை. வாய்க்காலில் போகும் அலை மூடிய மதகில் மோதித் திரும்புவது போல, திறந்த முனையில் மோதித் திரும்பி வருகிறது. திரும்பி வரும் அலை, பின்னால் வந்துகொண்டிருக்கும் சிக்னலோடு கலந்து அதைக் கெடுக்கும். கிளை பிரித்தால் ஒவ்வொரு கிளையின் முனையும் இப்படி ஒரு எதிரொலியை உண்டாக்கும். தடுப்பதற்கு வழி, முனையில் கேபிளின் இயல்பான மின்மறுப்புக்குச் சமமான ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு கம்பிக்கும் குறுக்கே போடுவது. இந்த வகைக் கேபிளுக்கு அது 120 ஓம். வந்த அலை முழுவதையும் ரெசிஸ்டர் வாங்கிக்கொள்ளும், திரும்பிப்போக எதுவும் மிஞ்சாது. லூப்பின் இரண்டு கோடிகளில் மட்டும் ஒவ்வொன்று, நடுவில் எங்கும் கூடாது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் பல மர்மங்கள் விலகும். 1,000 மீட்டர் கேபிளில் அலை போய்த் திரும்ப 10 மைக்ரோ நொடி. நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் ஒரு பிட்டின் நீளம் 104 மைக்ரோ நொடி. வாங்கும் கருவி பிட்டின் நடுப்பகுதியில்தான், அதாவது 52 மைக்ரோ நொடி வாக்கில்தான், அதைப் படிக்கிறது. அதற்குள் எதிரொலி சில முறை போய் வந்து ஓய்ந்துவிடும். ஆகவே முனையில் போடும் அந்த 120 ஓம் ரெசிஸ்டர் (டெர்மினேஷன்) போடாமலே வேலை நடக்கும். அதே கேபிளில் வேகத்தை 1,15,200-க்கு ஏற்றினால் ஒரு பிட் 8.7 மைக்ரோ நொடிதான். இப்போது எதிரொலி அடுத்த பிட்டின் மேலேயே வந்து விழும். ‘இத்தனை நாள் ஓடியதே, இப்போது என்ன வந்தது?’ என்ற கேள்விக்குப் பல இடங்களில் இதுதான் பதில். தேவையில்லாமல் வேகத்தை ஏற்றாதீர்கள் என்று நான் எப்போதும் சொல்வது இதனால்தான். அறையின் வெப்பநிலை ஒரு நொடிக்குள் ஒன்றும் மாறிவிடாது.

ரெசிஸ்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சாதாரண மல்டிமீட்டர் போதும். எல்லாப் பவரையும் அணைத்துவிட்டு இரண்டு கம்பிக்கும் நடுவே ஓம் பாருங்கள். 60-ஐ ஒட்டி வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் இருக்கின்றன (இரண்டு 120 ஓம் இணையாகச் சேர்ந்தால் 60). 120 என்றால் ஒன்று காணோம், அல்லது நடுவில் கேபிள் அறுந்திருக்கிறது. 40 என்றால் யாரோ மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்திருக்கிறார்கள். பல கன்ட்ரோலர்களில் இந்த ரெசிஸ்டர் உள்ளேயே இருக்கும், டிப் சுவிட்ச் என்ற சின்ன சுவிட்சைத் தள்ளினால் சேர்ந்துவிடும். புதிதாக மாற்றிய கன்ட்ரோலரில் அந்த சுவிட்ச் ஆன் நிலையிலேயே வந்திருக்கலாம்.

சரி, யாருமே பேசாத நேரத்தில் கம்பியில் என்ன இருக்கும்? எல்லாக் கருவிகளும் வாயை மூடிக்கொண்டிருக்கும்போது ரெசிஸ்டர்கள் இரண்டு கம்பிகளையும் ஒரே வோல்டேஜுக்கு இழுத்துவிடும். வித்தியாசம் கிட்டத்தட்ட பூஜ்யம், அது 0 என்றும் இல்லை, 1 என்றும் இல்லை. சின்ன இரைச்சல் வந்தாலும் யாரோ பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று வாங்கும் கருவி நினைத்துக்கொள்ளும். அதற்காக ஒரு கம்பியை 5 வோல்ட் பக்கமும் மற்றதைக் காமன் பக்கமும் ரெசிஸ்டர் வழியாக லேசாக இழுத்துப் பிடிக்கிறார்கள். இதற்குப் பயாஸ் என்று பெயர். இரண்டும் 560 ஓம் என்றால், நடுவில் இருக்கும் 60 ஓமின் மேல் 0.25 வோல்ட் விழும். தேவை 0.2 என்பதால் தாராளம். லூப் முழுவதற்கும் ஓரிடத்தில், வழக்கமாக பி.எல்.சி. பக்கம், பயாஸ் இருந்தால் போதும்.

இதுவரை சொன்னது கம்பி. அதன்மேல் பேசும் மொழி பெரும்பாலும் மோட்பஸ். முதல் பி.எல்.சி.களில் ஒன்றைக் கொண்டுவந்த அமெரிக்காவின் மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்டது. அதன் முறை மிக எளிமையானது. பி.எல்.சி. மட்டுமே கேள்வி கேட்கும், அதுதான் மாஸ்டர். கன்ட்ரோலர்கள் கேட்டால் மட்டுமே பதில் சொல்லும். ஒரே கம்பியில் இரண்டு பேர் சேர்ந்து பேசினால் எதுவும் விளங்காது என்பதால்தான் இந்தக் கட்டுப்பாடு. ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் 1 முதல் 247 வரை ஒரு அட்ரஸ். 0 என்பது எல்லோருக்கும் பொதுவான அறிவிப்பு, அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது.

ஒரு கேள்வி உண்மையில் எப்படி இருக்கும்? முதல் அறையிடம் பத்து மதிப்புகள் கேட்டு பி.எல்.சி. அனுப்பும் எட்டு பைட்டுகள் இவை: 1, 3, 0, 0, 0, 10, 197, 205. முதலில் உள்ள 1 அட்ரஸ். 3 என்றால் ‘படித்துச் சொல்’. அடுத்த இரண்டு பூஜ்யங்கள் எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்பது. பிறகு வரும் 0, 10 எத்தனை மதிப்புகள் என்பது. கடைசி இரண்டும் முன்னால் வந்த ஆறையும் வைத்துக் கணக்கிட்ட சரிபார்ப்பு எண். வழியில் ஒரு பிட் மாறினாலும் கணக்கு ஒத்துவராது. கன்ட்ரோலர் அந்தச் செய்தியை அப்படியே விட்டுவிடும், தப்பான பதில் தருவதைவிட அது மேல்.

செய்தி எங்கே முடிகிறது என்று எப்படித் தெரியும்? மௌனத்தால். மூன்றரை எழுத்து (பைட்) அனுப்ப ஆகும் நேரம் கம்பி அமைதியாக இருந்தால் ஒரு செய்தி முடிந்தது என்று பொருள். 9,600 வேகத்தில் அது 4 மில்லி நொடி. பயாஸ் இல்லாத லூப்பில் இரைச்சல் இந்த மௌனத்தைத்தான் முதலில் கெடுக்கும்.

அப்புறம் இந்த இரண்டு கம்பிகளும் மாட்டும் ஏ, பி டெர்மினல்கள். தரவிதியில் எது ஏ என்று சொல்லியிருக்கிறதோ, அதற்கு நேர்மாறாகப் பல சிப் தயாரிப்பாளர்கள் பெயரிட்டுவிட்டார்கள். ஆகவே ஏ-யை ஏ-யோடு மாட்டியும் ஒரு கன்ட்ரோலர் மட்டும் பேசவில்லை என்றால், அட்ரஸ், வேகம், பாரிட்டி (பிழை கண்டுபிடிக்கச் சேர்க்கும் பிட்) மூன்றையும் பார்த்துவிட்டு அந்த இரண்டு கம்பிகளை மாற்றி மாட்டிப் பாருங்கள். அதனால் எதுவும் எரியாது.

டெர்மினலில் கம்பி மாட்டும்போது இன்னொன்றும் செய்யலாம். வரும் கம்பியையும் போகும் கம்பியையும் இரட்டை ஃபெரூலில் (இரண்டு கம்பி நுழையும் சின்ன உலோகக் குழல்) சேர்த்து கிரிம்ப் செய்தால், பழுதான கன்ட்ரோலரைக் கழற்றினாலும் அடுத்த அறைகளுக்கு லூப் அறுகாது.

லூப் அறுகாவிட்டாலும் ஒரு தொல்லை மிஞ்சும். மேலே சொன்ன கேள்விக்கும் அதன் 25 பைட் பதிலுக்கும், இடையே கன்ட்ரோலர் யோசிக்கும் நேரத்தையும் சேர்த்து, சுமார் 60 மில்லி நொடி ஆகும். பன்னிரண்டு அறைகளையும் ஒரு சுற்று கேட்டுவர ஏறக்குறைய முக்கால் நொடி. ஒரு கன்ட்ரோலர் அணைந்து கிடந்து, அதன் பதிலுக்காக மாஸ்டர் ஒரு நொடி காத்திருந்தால் சுற்று நேரம் இரண்டு மடங்குக்கும் மேலே போய்விடும். மூன்று முறை திரும்பக் கேட்கும்படி புரோகிராம் இருந்தால் கேட்கவே வேண்டாம், நன்றாக இருக்கும் பதினோரு அறைகளின் தகவலும் தாமதமாகும். அதனால் காத்திருப்பு நேரத்தைக் கன்ட்ரோலரின் மேனுவலைப் பார்த்து 200, 300 மில்லி நொடி என்று குறைத்து வைப்பது நல்லது. தொடர்ந்து பதில் தராத அட்ரஸுக்கு அலாரம் கொடுத்துவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கூப்பிட்டுப் பார்க்கும்படி எழுதிவிட்டால், மற்ற பதினோரு அறைகளும் வழக்கமான வேகத்திலேயே வந்துகொண்டிருக்கும்.