ரத்தத்தில் மிதக்கும் குட்டிப் பைகள்

களியக்காவிளை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எங்கள் லேப். காலை ஆறரைக்கே ஆள் வந்துவிடும். கேரள எல்லை தாண்டி, திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் பலர் வழக்கமான ரத்தப் பரிசோதனையை இங்கே முடித்துக்கொண்டுதான் பஸ் ஏறுவார்கள். போன மாதம் குழித்துறைப் பெரியவர் ஒருவர் கையை நீட்டிக்கொண்டே கேட்டார்: "மக்களே, ரத்தத்துல ஏதோ குட்டிப் பை இருக்காம்லா. அத அளந்தா மருந்து பலிக்குமான்னு தெரியுமாம். அதையும் எடுத்துருவியா?"

அவருக்கு நுரையீரல் புற்றுநோய். நம் உடம்பின் நோயெதிர்ப்புச் செல்களையே புற்றுநோய்க்கு எதிராக முடுக்கிவிடும் இம்யூனோதெரபி பற்றிப் பேச்சு நடக்கிறது. "இங்க இல்ல மாமா" என்று மட்டும் சொல்லி அனுப்ப மனம் வரவில்லை.

நம் செல்கள் எல்லாமே சவ்வு மூடிய நுண்பைகளை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கின்றன. எக்ஸோசோம் எனப்படும் வகை சுமார் 30 முதல் 150 நானோமீட்டர். சிவப்பணுவோ ஏழாயிரத்துக்கும் மேல். 1980களில் இவற்றைச் செல் கழிக்கும் குப்பை என்றே நினைத்தார்கள். பிறகுதான் இவை சேதி சுமப்பது தெரிந்தது. புற்றுநோய்ச் செல் விடும் பையின் மேல் பி.டி.-எல்1 என்ற புரதம் இருக்கலாம். அது நோயெதிர்ப்பு டி செல்லின் கையைக் கட்டிப்போடும். ஐ.எல்.-6 போன்ற சைட்டோகைன்களும், அதாவது செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லும் புரதங்களும், பையோடு போகும். ரத்தத்தில் புரதத்தை அளக்கும் வழக்கமான எலைசா பரிசோதனை வெளியே மிதப்பதைத்தான் பிடிக்கும். பைக்குள் இருப்பதை அளக்க முதலில் சவ்வை உடைக்க வேண்டும்.

மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உடம்பில் பரவிய நோயாளிகளிடம் செய்து, 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு என்னை யோசிக்க வைத்தது. இம்யூனோதெரபி மருந்து தொடங்கும் முன்பே பைகளில் பி.டி.-எல்1 கூடுதலாக இருந்தது மருந்து பலிக்காதவர்களிடம். மருந்து தொடங்கிச் சில வாரங்களில் அது ஏறியதோ, பலித்தவர்களிடம்! ஆக, எப்போது எடுத்த ரத்தம் என்று தெரியாமல் வெறும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்?

ரத்தத்தைக் கையாளும் விதத்திலும் எண் மாறும். ரத்தம் உறையும்போது தட்டணுக்கள் தாமே ஏராளமான பைகளை விடும்; அதனால் உறைந்த பிறகு எடுக்கும் சீரத்தை விட, உறைய விடாமல் பிரிக்கும் பிளாஸ்மா நல்லது. சாப்பிட்டுவிட்டு வந்தால் கொழுப்புத் துகள்கள் பைகளைப் போலவே எண்ணிக்கையில் சேர்ந்துகொள்ளும்.

ஒருமுறை ஓர் ஆய்வுக்காக ஒரு அக்காவிடம் ரத்தம் எடுத்தேன். கீமோவில் நரம்பெல்லாம் சுருங்கி, மூன்றாவது குத்தில்தான் கிடைத்தது. குழாயை அப்படியே பஸ்ஸில் கொடுத்துவிட்டோம். குலுங்கிச் சிவப்பணு உடைந்து, பிளாஸ்மா ரோஸ் நிறமாகப் போய்ச் சேர்ந்தது. கொட்டிவிட்டார்கள். அந்த அக்காவின் கையில் இருந்த நீலத் தழும்பை நான் மறக்கவில்லை. இப்போதெல்லாம் இங்கேயே மெஷினில் இரண்டு முறை சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உலர்பனிப் பெட்டியில் வைத்தால்தான் அனுப்புவேன்.

இந்தப் பைகளை அளக்கும் பரிசோதனை இன்னும் ஆய்வுக் கட்டத்தில்தான் இருக்கிறது. இதற்குப் பரிசோதனை பேக்கேஜ் என்று யாராவது பணம் கேட்டால், கட்டுவதற்கு முன் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ஆய்வுக்கு ரத்தம் கேட்டால் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் ஒப்புதல் படிவம் மலையாளத்தில் இருந்தால், தமிழில் தரச் சொல்லிக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். மாட்டேன் என்றாலும் சிகிச்சை குறையாது.

பெரியவர் கடைசியாக, "அப்போ நான் எதைக் கொண்டுபோகணும் மக்களே?" என்றார். பி.டி.-எல்1ஐ டாக்டர்கள் இன்றைக்குப் பார்ப்பது பயாப்ஸி சதையில்தான். ரிப்போர்ட்டோடு, அந்தச் சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் மெழுகு பிளாக்கையும் பயாப்ஸி எடுத்த ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கச் சொன்னேன். வெயிலில் மெழுகு இளகும், பஸ்ஸில் ஜன்னலோரம் வைக்க வேண்டாம் என்று கவர் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.