ரிமோட் செத்தால் கிரேன் நிற்குமா?

கோவையில் ஃபவுண்டரி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார்: "கிரேனுக்குத் தொங்கும் பட்டன் பெட்டியை எடுத்துவிட்டு ரேடியோ ரிமோட் மாட்டிவிட்டோம். இரண்டு டன் சரக்கு மேலே போய்க்கொண்டிருக்கும்போது ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால் என்ன ஆகும்?"

நின்றுவிடும், ஒயரிங் ஒழுங்காக இருந்தால்.

ரேடியோ சமாச்சாரம் எளிது. ரிமோட் தன் அடையாள எண்ணோடு கட்டளையை அனுப்புகிறது. ரிசீவர் எண்ணையும் செய்தி சிதையாமல் வந்ததா என்பதையும் பார்த்துவிட்டு அதற்குரிய ரிலேயை (காயிலில் கரண்ட் பாய்ந்தால் காந்தம்போல் இழுத்து கான்டாக்டை மாற்றும் சுவிட்ச்) இழுக்கிறது. பக்கத்து ஷெட்டு ரிமோட்டுக்கு நம் கிரேன் நகராதது இதனால்தான். ஆன் செய்துவிட்டால், பட்டனைத் தொடாவிட்டாலும் ரிமோட் 'இருக்கேன், இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தக் குரல் வராமல் போனால், ரிசீவரைப் பொறுத்து அரை நொடியிலிருந்து இரண்டு நொடிக்குள், ஸ்டாப் ரிலே விட்டுவிடும். இழுத்துப் பிடித்திருந்ததை விடுகிறது, அவ்வளவுதான். அதனால் ரிசீவருக்குக் கரண்ட் போனாலும் காயில் ஒயர் அறுந்தாலும் கிரேன் நிற்கும். சரக்கைத் தூக்கும் ஹாய்ஸ்டின் பிரேக்கும் இதே ஜாதிதான்: ஸ்பிரிங் எப்போதும் கவ்வியிருக்கும், கரண்ட் வந்தால்தான் விலகும்.

சரி, அந்த ஸ்டாப் ரிலேயின் கான்டாக்டே ஒட்டிக்கொண்டால்? ஒட்டும். கான்டாக்டர் (மோட்டார் கரண்ட்டைத் தாங்கும் பெரிய ரிலே) காயிலை ஆஃப் செய்யும் ஒவ்வொரு முறையும் அந்தக் காயில் வோல்டேஜை எகிற வைத்துப் பொறி பறக்கவிடும் (காயிலுக்குக் குறுக்கே அந்தச் சின்ன சப்ரஸர் இருப்பது சும்மா இல்லை). அதற்காகத்தான் ஸ்டாப் ரிலே இரண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கிறது. ஒன்று ஒட்டினாலும் இன்னொன்று வெட்டிவிடும். ஆனால் கிரேன் வழக்கம்போல நிற்பதால் முதல் ரிலே போனது யாருக்கும் தெரியாது, ஆறு மாதம் கழித்து அடுத்ததும் போகும்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு வருகிறது. இந்த ரிலேக்குள், காயிலில் கரண்ட் இல்லாதபோது திறந்திருக்கும் கான்டாக்டும் மூடியிருக்கும் கான்டாக்டும் ஒரே பட்டையில் பிணைந்திருக்கும். சுமையைத் தாங்கும் கான்டாக்ட் ஒட்டிக்கொண்டால், காயிலில் கரண்ட் நின்ற பிறகும் அதன் ஜோடி மூட முடியாது, குறைந்தது 0.5 மில்லிமீட்டராவது விலகியே நிற்கும். அடுத்த முறை ஸ்டார்ட் பட்டனை அழுத்தும்போது ரிசீவர் முதலில் இந்த ஜோடிகள் மூடியிருக்கின்றனவா என்று பார்க்கும், இல்லையென்றால் கிளம்பவே கிளம்பாது. தன் நோயைத் தானே காட்டிக்கொடுக்கிற ரிலே! இதற்கு சாஃப்ட்வேர்கூட வேண்டாம், ஒரு துண்டு பிளாஸ்டிக் போதும்.

இத்தனையையும் ஒரே ஒயரில் வீணாக்கலாம். ஸ்டாப் கான்டாக்ட்டுகள், மொத்தக் கிரேனுக்கும் கரண்ட் விடும் மெயின் கான்டாக்டரின் காயில் வழியில் இருக்க வேண்டும். அப்போதுதான் 'மேலே' கான்டாக்டர் ஒட்டிக்கொண்டாலும் மோட்டாருக்குப் போகும் மூன்று பேஸும் அறும். நான் பார்த்த ஒரு பேனலில் டைரக்‌ஷன் கான்டாக்டர்களின் காமனில் ('மேலே', 'கீழே' காயில்களுக்குப் பொதுவான ஒயரில்) மட்டும் கோர்த்திருந்தார்கள்; இன்னொன்றில் "அடிக்கடி டிரிப் ஆகுது சார்" என்று ஸ்டாப் கான்டாக்டைத் தாண்டி ஜம்பர் ஒயரே போட்டிருந்தார்கள். அந்தப் பேனல் கதவில் ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமமும் எலுமிச்சையும் இருந்தன. பூஜை போடட்டும், எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கு எமர்ஜென்சி பட்டனையும் ஒரு தரம் அழுத்திப் பார்த்திருக்கலாம்.

வாசகருக்கு: கொக்கியில் ஒன்றும் மாட்டாமல், கீழே ஆள் இல்லாமல், கிரேனை மெதுவாக ஓட்டிக்கொண்டே ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றுங்கள். மெயின் கான்டாக்டர் 'டக்' என்று விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மெயினை இறக்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், எனக்கு அப்புறம் எழுதலாம்.